தொய்னாவின் சில்லு

காசநோய் ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்தில் வெரோனிக்கா மூன்றாவது முறையாகத் திரையைப் பார்த்தாள். நகத்தளவு சில்லில் வரிசை வரிசையாகப் புள்ளிகள், ஒவ்வொன்றும் ஒரு மருந்துக்கு. எந்த மருந்துக்குக் கிருமி சாகாதோ அந்தப் புள்ளி பளிச்சென்று எரியும். இரண்டு எரிந்தன. காசநோய்க்கு முதலில் கொடுக்கிற மருந்துகளில் முக்கியமான இரண்டும் அவைதான். சில்லு அவளுடைய தம்பி மகள் தொய்னாவுடையது. நாலு வயதுப் பிள்ளைக்குக் காறித் துப்பத் தெரியாதென்று, காலையில் மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றிலிருந்து சளியை எடுத்திருந்தார்கள். வேறு சில்லில் போட்டும் பார்த்துவிட்டாள். அதே இரண்டு.

பிள்ளைக்கு நோய் வேறெங்கிருந்தும் வந்திருக்காது. அந்த வீட்டில் இருமியவன் அவள் அப்பா துதோர் ஒருவன்தான். மூன்று மாதத்துக்கு முன்னால் அவன் சில்லையும் இவள்தான் ஓட்டினாள். ஒரு புள்ளிகூட எரியவில்லை. எல்லா மருந்துக்கும் கேட்கும், ஆறே மாதத்தில் குணமாகிவிடும் என்று வார்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னவளும் இவள்தான். அதை நம்பித்தான் பெரிய டாக்டர் அவனை ஈஸ்டருக்கு மூன்று நாள் வீட்டுக்கு விட்டார். ஆனால் மருந்து தின்னத் தின்ன அவன் இளைத்துக்கொண்டே போனான். திருட்டுத்தனமாகக் குடிக்கிறான் என்றார்கள். இவளும் அதை நம்பித் தொலைத்தாள்.

நோயாளி டப்பாவில் சளியைத் துப்பி முடிக்கும்வரை ஒருவர் கண்ணெடுக்காமல் நிற்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அன்று நின்றது இவள். நீ பார்த்தால் வரமாட்டேன் என்கிறது என்று அவன் கூச்சப்பட்டான். தம்பிதானே என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த ஒரு நிமிடம் போதும், டப்பாவில் எதை வேண்டுமானாலும் போட.

துதோர் பின்கட்டில் வெயில் காய்ந்துகொண்டிருந்தான்.

"அன்னைக்கு டப்பாவுல குடுத்தியே, அது யாரோடதுடா?"

அவன் மறைக்கக்கூட இல்லை. பக்கத்துக் கட்டில் கிரிகோரேவுக்கு இரண்டு பாக்கெட் சிகரெட் கொடுத்து அவன் சளியை வாங்கி, பைக்குள் ஒளித்து வைத்திருந்தானாம். கிரிகோரேவுக்கு மருந்துக்குக் கேட்கிற லேசான நோய் என்பது வார்டுக்கே தெரியும். மாஸ்கோவில் தன்னோடு கட்டட வேலை பார்த்த ஒருவன் சில்லு எரிந்ததால் இரண்டு வருடம் உள்ளே கிடந்து, கடுமையான ஊசிகளால் காது செவிடாகி வெளியே வந்ததைத் துதோர் பார்த்திருக்கிறான்.

"ஈஸ்டருக்கு வரேன்னு புள்ளகிட்ட சொல்லிட்டேன்க்கா. என்கூட ஈஸ்டர் சிவப்பு முட்டைய மோதி உடைச்சு விளையாடணும்னு அவளுக்கு ஒரே அடம். மூணு நாளும் என் நெஞ்சு மேலயேதான் தூங்குனா." சிரித்தான். "திட்டுறதுனா திட்டிரு. இப்ப எதுக்கு அதெல்லாம் கிளறுற?"

பிள்ளைக்கு நோய் என்று அவனிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. அவன் மனைவிக்குத் தைரியம் வரவில்லை. வெரோனிக்காவுக்கு அவனை அறையவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது.

"தொய்னா நேத்துலேர்ந்து இங்கதான்டா இருக்கா. குழந்தைங்க வார்டுல. அவ சில்லு எரியுது."

துதோர் மெல்ல எழுந்தான். கழுத்தில் தொங்கிய முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டான். அது போதாதென்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். அக்கா ஓர் அடி முன்னால் வைத்தாள். வராதே என்று தலையை ஆட்டியபடி அவன் பின்பக்கமாகவே நடந்தான், முதுகு சுவரில் இடிக்கும்வரை.