எக்கோவில் மிஞ்சிய குரல்

"கேட்டுச்சு பாப்பா. நெஜமா கேட்டுச்சு."

"என்னக்கா கேட்டுச்சு?"

"என் குரலுதான், நம்ம பாட்டுல. இன்னா, மறந்துட்டியா? நீதான சொன்ன, ஃபோன்ல போட்டா வராது, ஹெட்ஃபோன் மாட்டிகினு கேட்டாதான் தெரியும்னு. மாட்டிகினேன். கேட்டுச்சு."

சுவேதா டீ டம்ளரை மேஜைமேல் வைத்தாள். வாசலில் நின்ற கமலத்தின் கழுத்தில், தாலிச் சரட்டுக்கு மேல், புத்தம்புது ஹெட்ஃபோன் ஒன்று கிடந்தது. கடைக்காரன் ஒட்டிய சீட்டைக்கூட அவள் இன்னும் கிழிக்கவில்லை.

"எங்க வாங்குனீங்க?"

"கரையான்சாவடில. நாத்தனார் ஊட்டுக்குப் போயிட்டு வர வழியில. கடையிலயே மாட்டி ஒரு வாட்டி, பஸ்ஸுல வரும்போது பாதி வழி வரைக்கும் அதேதான். பக்கத்துல குந்திகினு இருந்த அம்மாவுக்கு மாட்டிவிட்டு, நடுவுல ஒரு பொம்பள குரலு வருது பாருங்க, அது நாந்தான்னு சொன்னேன். அதுக்குக் கேக்கலயாம். பாவம், காதுல கோளாறு."

சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். சுவேதாவுக்கு வரவில்லை. அந்தப் பாட்டில் கமலத்தின் குரல் இல்லை. அதை நீக்கியவளே சுவேதாதான்.

கள்ளிக்குப்பத்தில் அந்த வீட்டின் கீழ்ப்பகுதியில் கமலம் குடும்பம். மொட்டைமாடியை ஒட்டிய ஒற்றை அறையில் சுவேதா. அம்பத்தூர் எஸ்டேட்டில் இருவருக்கும் வேலை. கமலத்துக்குத் தையல் கம்பெனியில் பிசிறு வெட்டிச் சட்டை சரிபார்க்கும் வேலை, இன்னொருத்திக்கு நாலு தெரு தள்ளி கண்ணாடிக் கட்டடத்தில் கம்ப்யூட்டர் வேலை. திண்டுக்கல்லிலிருந்து வந்த சுவேதாவுக்கு அலுவலகத்தைவிட அறையில் இருந்த மைக்கும் லேப்டாப்பும்தான் உயிர். யாராவது வீட்டில் பாடிப் பதிவு செய்து அனுப்பினால், அதிலிருக்கும் ஃபேன் இரைச்சலையும் எதிரொலியையும் துடைத்து, கழுவிய பாத்திரம்போல் பளபளவென்று திருப்பித் தருவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கமலத்தின் தம்பி வேம்புலி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். கானா பாடுவான். பட்டரவாக்கம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்ட ஆட்டோக்காரனின் புலம்பலாக அவன் கட்டிய பாட்டை இந்த அறையில்தான் பதிவு செய்தார்கள். அதில் ஒரே ஒரு அடி கமலத்துக்கு. வேம்புலி கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று புலம்புவான். அந்தப் பக்கம் நிற்கிறவள் பதில் சொல்வாள்:

*கேட்டு போட்டா இன்னா, காத்த நிறுத்துவியா?*

அன்றைக்குக் கமலம் பட்ட பாடு கொஞ்சமல்ல. "சுவத்துல பட்டு சத்தம் திரும்புதுக்கா" என்று இவள் வாய்தவறிச் சொன்னதுதான் தாமதம், பீரோவிலிருந்த கல்யாணக் கம்பளி, பிள்ளைகளின் போர்வை, பழைய பட்டுப்புடவை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு மேலே வந்து, ஆணி அடித்துச் சுவர் முழுக்கத் தொங்கவிட்டாள். எதிர்வீட்டு மோட்டாரை நிறுத்தச் சொன்னாள். தெருமுனைக்குப் போய்ப் பழவண்டிக்காரனை மறித்து, "உள்ள பாட்டு எடுக்கறாங்க, கூவாம போ நைனா" என்று கெஞ்சி ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கி வந்தாள். அந்தப் பதிவு அத்தனை சுத்தமாக வந்ததற்குப் பாதிக் காரணம் மைக் என்றால் மீதிக் காரணம் கமலம்.

மைக்கின் அளவு பார்ப்பதற்காக, "ஏதாவது பேசுங்கக்கா. உங்க பேரச் சொல்லுங்க" என்றாள் சுவேதா.

"பேரு கமலம்," என்றாள் அவள், மைக்கைப் பார்த்து வெட்கப்பட்டுக்கொண்டே. "ஆனா மொதல்ல அது இல்ல. எனக்கு முன்னாடி ரெண்டு பொண்ணு. மூணாவதும் பொண்ணா பொறந்தா எங்கப்பனுக்கு எப்டி இருக்கும்? வேண்டாம்னே பேரு வெச்சிட்டாரு. அப்டி வெச்சா அடுத்தது பையன் பொறக்குமாம். பொறந்தான் பாரு, இதோ குந்திகினு கீறான். இஸ்கூல்ல டீச்சரு, இதெல்லாம் ஒரு பேரான்னுட்டு கமலம்னு எழுதினாங்க. போதுமா பாப்பா, இன்னும் பேசணுமா?"

போதும் என்று தலையாட்டினாள் சுவேதா. வேம்புலி தரையைப் பார்த்துக்கொண்டு இளித்தான்.

கமலத்தின் குரலில் ஒரு வாஞ்சை இருந்தது. சுருதிதான் இல்லை. ஒவ்வொரு முறையும் அடியின் கடைசியில், மேட்டில் ஏறிய சைக்கிள் மூச்சுவாங்கிப் பின்னால் உருள்வதுபோல் குரல் இறங்கிவிடும். எத்தனையோ முறை பாட வைத்தும் அதே இறக்கம். அதற்கான மென்பொருளைப் போட்டுச் சுருதியைத் தூக்கிப் பார்த்தாள். ரயில் நிலைய அறிவிப்புபோல் ஆகிவிட்டது. கடைசியில் திரையில் கமலத்தின் வரிக்கு உரிய ஃபேடரை, சத்தத்தை ஏற்றி இறக்கும் அந்தக் குமிழை, அடிமட்டம் வரை இழுத்துவிட்டாள். பாட்டு வழுக்கிக்கொண்டு ஓடியது. இணையத்தில் போட்டதும், வீட்டில் எடுத்ததா இது, நம்ப முடியவில்லை என்று முகம் தெரியாதவர்கள் எல்லாம் எழுதினார்கள். சுவேதா அதையெல்லாம் ஆசையாகப் படித்தாள்.

"என் குரலு எங்க பாப்பா?" என்று கமலம் ஃபோனும் கையுமாக வந்து நின்றபோதுதான், ஹெட்ஃபோனில்தான் கேட்கும் என்று அந்தப் பொய்யைச் சொன்னாள். பொய்யில்கூட ஒரு தொழில் உண்மை இருந்தது. ஃபோன் ஸ்பீக்கரில் சில சத்தங்கள் வராதுதான்.

"இன்னிக்கி சாயந்தரம் தெரிஞ்சிடும்," என்றாள் கமலம் இப்போது. "ஆடி கூழு ஊத்தறாங்கல்ல, கோயிலாண்ட பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ் கட்டிக்கீறான் சவுண்டு சர்வீஸ் கார்த்திகேசன். நம்ம பாட்டுதான் மொதல்ல போடப்போறானாம். எங்க ஊட்டுக்காரரு ஏகாம்பரம் இன்னா சொன்னாரு தெரியுமா? உன் குரலு அதுல கேட்டா மீசைய எடுத்துர்றேன்னாரு. பிளேடு வாங்கி வெச்சிட்டேன்."

"உங்களுக்கு எப்படிக்கா கேட்டுச்சு? நல்லாவா?"

கமலம் யோசித்தாள். "நல்லான்னு சொல்ல முடியாது. ரொம்பத் தூரத்துல. ரயிலு போனப்பறம் கேட்டாண்ட நின்னா ஒரு சத்தம் மிச்சம் கீதுல்ல, அந்த மாறி. ஆனா நாந்தான். என் குரலு எனக்குத் தெரியாதா? சரி, கூழு அடிபிடிக்கும், வரேன்."

அவள் இறங்கிப் போனதும் சுவேதா லேப்டாப்பைத் திறந்தாள். பாவம், ஆசையில் ஏதோ கேட்டதாக நினைத்துக்கொள்கிறாள் என்று மனசு சமாதானம் சொன்னது. அந்தச் சமாதானம் வேண்டியும் இருந்தது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கமலத்தின் அடி வரும் இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். ஒன்றுமில்லை. டோலக்கை நிறுத்தினாள். கீபோர்டை நிறுத்தினாள். வேம்புலியையும் நிறுத்தினாள்.

மிச்சம் இருந்தது, குரல்களுக்குக் கனம் கூட்ட அவளே சேர்த்திருந்த செயற்கை எதிரொலியான எக்கோ மட்டும். அதற்குள் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள்.

*...காத்த நிறுத்துவியா... துவியா...*

சுவேதா அதை இன்னொரு முறை ஓடவிட்டாள். என்ன நடந்தது என்று உடனே புரிந்தது. கமலத்தின் குரலை எக்கோவுக்கு அனுப்பும் வழியை அவள் ஃபேடருக்கு முன்னாலேயே பிரித்துவிட்டிருந்தாள். வீட்டுக் குழாயைத் திருகி மூடியாயிற்று. திருகுக்கு முன்னாலேயே கொல்லைக்குப் பிரிந்துபோகும் கிளைக்குழாயை மறந்தாயிற்று. ஆள் இல்லை, ஆளின் எதிரொலி மட்டும் அத்தனை நாளாகப் பாட்டுக்குள் அலைந்துகொண்டிருந்தது. சத்தங்களைக் கலந்து சேர்க்கும் மிக்ஸிங் தெரிந்த சுவேதாவுக்குக் கேட்காதது, பஸ் இரைச்சலுக்கு நடுவே கமலத்துக்குக் கேட்டிருக்கிறது.

படிக்கட்டில் செருப்புச் சத்தம். வேம்புலி தலையை மட்டும் உள்ளே நீட்டினான்.

"இன்னா சிஸ்டர், பென் டிரைவ் ரெடியா? கார்த்திகேசன் உயிர எடுக்கறான்."

"அண்ணா, ஒண்ணு சொல்லணும். கமலம் அக்கா குரல் வந்து..."

"நீ எடுத்துட்ட."

"தெரியுமா?"

"பாடுனவனுக்குத் தெரியாதா? மொத வாட்டி கேட்டப்பவே தெரியும். அந்த எடத்துல எக்கா இல்ல. பாட்டு வெண்ணெ கணக்கா போவுது."

"அப்புறம் ஏன் கேக்கல?"

வேம்புலி கழுத்தைச் சொறிந்தான். "நல்லா இருந்துச்சே. நீயும் சொல்லல, நானும் கேக்கல."

"சாயந்தரம் பெரிய பாக்ஸ்ல போடுவாங்க. குரல் இல்லன்னு தெரிஞ்சிடும்ண்ணா."

"பாக்ஸ்ல இன்னா தெரியும்? டம்மு டம்முனு நெஞ்சுல அடிக்கும், ஜனம் ஆடும். யாரு குரலு எங்கன்னு எவன் பாக்கப்போறான்?"

"அக்கா பாப்பாங்க."

அவன் செருப்பைக் கழற்றினான். உள்ளே வந்து, சுவரில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த கல்யாணக் கம்பளியின் ஓரத்தில் சாய்ந்து நின்றான். "சரி, ஏத்திட்டா எப்டி கீது? போடு, கேக்கலாம்."

சுவேதா ஃபேடரை மேலே தள்ளினாள். கமலம் அறைக்குள் வந்தாள். தெளிவாக, கிட்டத்தில், மூச்சு வாங்கிக்கொண்டு. *கேட்டு போட்டா இன்னா* என்று தைரியமாகத்தான் ஏறினாள். *நிறுத்துவியா*வில் வழக்கம்போல் உருண்டாள். வேம்புலிக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை விழுங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"பாத்தியா, எனக்கே வருது," என்றான் மெதுவாக. "கூடப் பொறந்தவன் எனக்கே வருது. தெருவே சிரிக்கும் சிஸ்டர். மாமா சும்மா வுடுவாரா? ஒரு வருஷத்துக்குச் சொல்லிகினே இருப்பாரு. வாணாம். இருக்கறமாறியே இருக்கட்டும்."

கரிசனம்போலத்தான் இருந்தது. தன் பாட்டு கெட்டுப்போகுமே என்ற பயமும் அதற்குள் எங்கோ ஒளிந்திருந்தது. சுவேதாவுக்கு அது தெரியாமலில்லை. அவளுக்குள்ளும் அதே இடத்தில் அதே பயம் இருந்தது. அத்தனை பேர் புகழ்ந்த மிக்ஸில் ஒரு சுருதி பிசகிய குரல். கேட்பவர்கள் கமலத்தையா சொல்வார்கள்? யார் மிக்ஸ் பண்ணியது என்றுதானே கேட்பார்கள்?

குமிழை மறுபடி கீழே இழுத்தாள். முதல் தடவை இழுத்தபோது ஏதோ இரைச்சலைத் துடைப்பதுபோல்தான் இருந்தது. இந்தத் தடவை, படி ஏறி வந்த ஒருத்தியின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவதுபோல் இருந்தது. சாத்தியது தானேதான் என்பதை மறக்க வழியே இல்லை.

"காப்பி பண்ணி வை. மேளக்காரங்களப் பாத்துட்டு வந்து வாங்கிக்கிறேன்," என்று வேம்புலி போய்விட்டான்.

கோயில் பக்கம் பம்பை முழங்க ஆரம்பித்திருந்தது. நடுநடுவே கார்த்திகேசன் "மைக் டெஸ்ட்" என்று இருமினான். சுவேதா பென் டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொல்லிவிடலாம். அக்கா, உங்கள் குரலை நான் எடுத்துவிட்டேன், உங்களுக்குக் கேட்டது அதன் எச்சம்தான் என்று ஒரு வாக்கியம். அதற்கு முன்னால் நிறையப் பேச வேண்டியிருக்கும் என்று தோன்றியது. எதையும் பேசாமல், அந்த எக்கோவை மட்டும் போட்டுக் காட்டியே சொல்லிவிட முடியும் என்றும் தோன்றியது. பென் டிரைவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள்.

"கூழு சூடா கீது, குடி." கமலம் சொம்பும் கையுமாக உள்ளே வந்துவிட்டாள். மஞ்சள் புடவை மாற்றியிருந்தாள், தலையில் வேப்பிலைக் கொத்து. ஹெட்ஃபோன் மட்டும் கழுத்தை விட்டு இறங்கவில்லை. "பாட்டு ஏத்திட்டியா? அட, தொறந்துதான் வெச்சிக்கீறியா? இதான் பாட்டா? கோலம் போட்ட மாறி கீது."

சொம்பைத் தரையில் வைத்துவிட்டு, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து திரையை எட்டிப் பார்த்தாள். சுவேதா லேப்டாப்பை மூடப் போனாள். மூட முடியவில்லை. மூடினால் அதுவும் ஒரு பதில்தான்.

"இந்தப் பச்ச இன்னாது?"

"அது டோலக்."

"இந்தச் செவப்பு? வே... ம்... பு... லி. ஓ, தம்பி. பேரெல்லாம் தமிழ்லயே போட்டிருக்கியா? நல்லதாப் போச்சு." கமலம் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே கீழே வந்தாள். "கீ... போர்டு. எ... க்கோ."

எக்கோவுக்குக் கீழே திரை முடிந்தது. இன்னும் கொஞ்சம் கீழே தள்ளினால், சாம்பல் நிறத்தில் கடைசி வரி ஒன்று வரும். தேறாத பதிவுகளை ஒதுக்கி வைக்க, எந்தப் பாட்டிலும் சுவேதா அந்த ஒரே பேரைத்தான் வைப்பாள். அன்றைக்கும் யோசிக்காமல் அதையே தட்டியிருந்தாள். அது கமலம் மைக்கில் சொன்ன பழைய பேரும்தான் என்பது இந்தக் கணம்வரை அவளுக்கு உறைக்கவே இல்லை.

வேண்டாம்.

கமலம் விரலைத் திரையில் இருந்து எடுக்கவில்லை. முகம் முழுக்கச் சிரிப்பாக இவள் பக்கம் திரும்பினாள்.

"நான் எங்க கீறேன் இதுல? காட்டேன், கண்ணு."