நாற்பத்தோராம் பக்கம்

"ஊர்ப் பேரைப் போடச் சொன்னது நீங்கதானே அண்ணி..."

"போடச் சொன்னேன், ஒவ்வொண்ணையும் படிச்சிட்டுப் போடுன்னும்..."

"எப்ப சொன்னீங்க? அச்சாபீஸ்ல நின்னுகினு, ஊர்ப் பேரு இல்லாத புக்கை எவ காசு குடுத்து வாங்குவா, அதான் சும்மா போன்லயே கீதேன்னு கேட்டீங்களா இல்லியா?"

கேட்டது உண்மைதான். சர்ச்சுக்குப் பின்னாலிருந்த சமையல் கொட்டகையில் அண்ணி ரெஜினாவும் நாத்தனார் ஜெஸ்ஸியும் மட்டும் நின்றிருந்தார்கள். சபையார் படைத்த பொருட்களை விற்கும் அறுப்பின் பண்டிகை ஏலம் அப்போதுதான் முடிந்து, வெளியே ஜனங்கள் பூசணிக்காயும் வாழைத்தாருமாகக் கலைந்துகொண்டிருந்தார்கள்.

முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் ரெஜினா. கருங்குழியிலிருந்து செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் நோயாளிகளை இலவசமாக ஏற்றிப்போகும் வேன் ஒன்றை, ஒரு சின்ன டிரஸ்ட் வைத்து அவள்தான் நடத்திவந்தாள். டிரஸ்டுக்கு ஒரு வலைத்தளமும் உண்டு. நோய்நொடி பற்றி யார் வேண்டுமானாலும் கேள்வி அனுப்பலாம், பதில் எழுதுவது ரெஜினா, அதைத் தளத்தில் ஏற்றுவது ஜெஸ்ஸி. கேட்டவர் பெயரும் ஊரும் உள்ளேயே தங்கிவிடும், வெளியில் தெரியாது. டீசல் விலையில் வேன் நொண்ட ஆரம்பித்தபோது, அதையே புத்தகமாகப் போட்டு விற்கலாமென்று தோன்றியது. போனில் படிக்கக் கண் தெரியாத பெரியவர்களே நூறு பேர் தேறுவார்கள். மாமல்லபுரம், கேளம்பாக்கம், கருங்குழி என்று கேள்விக்குக் கேள்வி ஊர்ப் பேரைப் போட்டால் அந்தந்த ஊர்க்காரன் வாங்குவான் என்று கணக்குப் போட்டாள். பெயரைத்தான் எடுத்தாயிற்றே, என்ன வந்துவிடப் போகிறது?

அச்சுக்குப் போகுமுன் கடைசியாகப் பார்த்தவளும் அவள்தான். மருந்துப் பெயர் சரியா, எத்தனை மில்லிகிராம், ஒரு வேளையா இரண்டு வேளையா. வார்டில் பழகிய கண் அதை மட்டும் தேடித் தேடிப் பார்த்தது. மருந்து இல்லாத பக்கங்களை அப்படியே புரட்டிவிட்டது.

ஜெஸ்ஸி நாற்பத்தோராம் பக்கத்தை விரித்து அவள் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

கேள்வி, கருங்குழி சகோதரி: என் கணவர் கேளம்பாக்கத்தில் தண்ணீர் கேன் வண்டி ஓட்டியவர். இரண்டு கிட்னியும் போய்விட்டது. எனக்குப் பரிசோதனை செய்தார்கள், என் கிட்னி அவருக்குச் சேருகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. இரட்டைப் பெண் குழந்தைகள் இருக்கிறார்கள். சேரவில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன். நான் பாவியா?

ரெஜினா புத்தகத்தைப் பிடுங்கி இன்னொரு தடவை வாசித்தாள். கருங்குழியில் இரட்டைப் பெண்களோடு டயாலிசிஸுக்குப் போகிற வீடு ஒன்றே ஒன்று. மோசஸின் வீடு. அவன் பெண்டாட்டி ஜெசிந்தா இப்போதும் பத்தடி தள்ளி, குழாயடியில் பிரியாணிப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வாரம் இரண்டு தடவை மோசஸைக் கைத்தாங்கலாக வேனில் ஏற்றுகிறவள் ரெஜினா. கேள்வி வந்த அன்று ஊர் என்ன என்றுகூடப் பார்க்காமல், அலுப்போடு அலுப்பாகப் பதில் எழுதித் தள்ளியிருந்தாள்.

விற்றதையெல்லாம் வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்கிவிடலாம் என்றாள் ஜெஸ்ஸி. ஏலம் போனது? அதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. அறுப்பின் பண்டிகையில், உதவி பெற்றவர்கள்தான் உதவியவர்கள் வைத்த பொருளை விட்டுக்கொடுக்காமல் கேட்டு எடுப்பார்கள். முதல் பிரதியை ஏலம் கேட்டு எடுத்தது மோசஸ். வேனுக்கு நன்றிக்கடன் என்று மைக்கில் வேறு சொன்னான். சபையே கைதட்டியது. ரெஜினாவும்தான் தட்டினாள்.

செருப்புகூடப் போடாமல் மோசஸ் வீட்டுக்கு நடந்தாள். இரண்டு தெருதான்.

மோசஸ் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஊசி குத்திக் குத்திப் புடைத்த இடது கை, மடியிலிருந்த புத்தகத்தின்மேல் கிடந்தது. உள்ளே பெண்கள் இரண்டும் டிவிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. புத்தகத்தில் ஒரு பிழை விழுந்துவிட்டது, வேறு நல்ல பிரதி கொண்டுவந்து தருகிறேன் என்று, வரும் வழியில் தயார் செய்ததை ரெஜினா ஒரே மூச்சில் ஒப்பித்தாள்.

"மருந்து அளவு தப்பாப் போச்சா சிஸ்டர்?"

ஆமாம் என்று தலையாட்டினாள்.

"நாப்பத்தொண்ணாம் பக்கத்துல மருந்தே இல்லியே."

அவன் கத்தியிருந்தால் தேவலை. வேனில் ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிடச் சொல்வானே, அதே குரல். ரெஜினா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவன் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்து, அவள் எழுதிய பதிலை விரல் வைத்து வாசித்தான். பயப்படுவது பாவமில்லை. உங்கள் உடம்பு உங்களுடையது. கணவரிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

தெருமுனையில் ஜெசிந்தா தெரிந்தாள். இடுப்பில் பிரியாணித் தூக்கு, தலையில் ஈரத்துண்டு. யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டே வந்தாள்.

மோசஸ் புத்தகத்தை மூடினான்.

"எனக்குத் தெரிஞ்சிபோச்சுன்னு அவகிட்ட நான் சொல்லலாமா, கூடாதா? அதுக்கும் நீங்களே ஒரு பதில் சொல்லுங்க சிஸ்டர்."