எங்க கூட வந்தவங்க இல்ல

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் விடிந்தும் விடியாததுமாக நரெல்லின் குடும்பம் கடலுக்குக் கிளம்பிவிடும். தங்கள் ஊரான டியூமட்டிலிருந்து மலையேறி, கூமாவில் பெட்ரோல் போட்டு, பிரௌன் மலை வளைவுகளில், காருக்குப் பின்னால் இழுத்துவரும் சக்கர வீடான கேரவனைப் பத்திரமாக இறக்கினால், மதியத்துக்கு மேல் பெலிக்கன் முனை கேரவன் பார்க் வந்துவிடும். பிள்ளைகள் கைக்குழந்தைகளாக இருந்த காலம் முதல் அவர்களுக்கு அதே இடம்தான். பக்கத்து இடம் ட்ரூடியுடையது. நரெல்லும் ட்ரூடியும் பள்ளியில் ஒரே பெஞ்சு. இவர்களுக்குக் கேரவன், அவர்களுக்குக் கூடாரம். அடுப்பு மட்டும் இரண்டு வீட்டுக்கும் ஒன்று.

அந்த வருஷம் பக்கத்து இடத்தில் வீடு மாதிரி ஒரு புதுக் கேரவன் நின்றது. உச்சியில் டிவிக்குக் குடை, வாசலில் செயற்கைப் புல்.

நரெல்லுக்குத் தெரியும். போன மாதமே ட்ரூடி போனில் சொல்லிவிட்டாள். "இந்தத் தடவை நாங்க பார்க்குக்கு வரலடி. ரஸ்ஸலோட சித்தி மகன் வீடு பக்கத்து ஊர்ல சும்மாதான் கெடக்கு. ஓசில கெடைக்குது, விடுவானேன்? கூடாரம் அடிச்சு அடிச்சு எனக்கும் இடுப்பு போச்சு. பகலெல்லாம் உங்க கூடத்தான் கெடப்போம், கவலப்படாத."

பார்க்கை நடத்திய கிழத் தம்பதி அதை ஒரு கம்பெனிக்கு விற்றபின் எல்லாம் மாறியிருந்தது. கடல் இருபதடி தூரத்தில் இருக்க, நீச்சல் குளம் வெட்டினார்கள். குளியலறைக் கதவுக்கு எண் பூட்டு வந்தது. முன்பு ஒரு வாரத்துக்குக் கொடுத்தது இப்போது மூன்று ராத்திரிக்குக்கூடப் போதவில்லை. ஆபீஸ் வாசலில் ஒரு பலகையும் வைத்தார்கள்: பதிவு செய்யாத ஆட்களைச் சேர்த்துக்கொள்பவர்களுக்கு அடுத்த வருஷம் அந்த இடம் கிடையாது. எல்லாரும் பயந்தது அதற்குத்தான். கிளம்பும் நாளில் முன்பணம் கட்டிவிட்டால் அடுத்த வருஷமும் இடம் உங்களுடையது. ஒரு முறை விட்டால், காத்திருக்கும் கூட்டத்தின் வாலில் போய் நிற்க வேண்டியதுதான்.

சொன்னபடியே ட்ரூடி குடும்பம் தினமும் வந்தது. காலையில் நரெல்லின் பிள்ளைகள் ஹோலியும் ஆங்கஸும் கண்ணைக் கசக்கும் முன்பே, ட்ரூடியின் மகள் டெகன் தோளில் துண்டோடு வந்து நிற்பாள். பதினாலு வயது, நெட்டையான பெண்.

"நரெல் ஆன்ட்டி, குளியலறை நம்பர் என்ன? அந்த வீட்ல சுடுதண்ணி மெஷின் வேல செய்யல."

நரெல் சொன்னாள். மறுநாளும் மெஷின் வேலை செய்யவில்லை. அதற்கு மறுநாளும்.

டெகனின் தம்பி லாக்கி, ரொட்டிக்குள் சாசேஜ் வைத்துக் கொடுக்கக் கொடுக்கத் தின்றான். "டேய், வயிறா அது, தண்ணித் தொட்டியா?" என்று நரெல்லின் கணவன் கேவின் கிண்டல் செய்தான். ட்ரூடி மட்டும் சிரிக்கவில்லை. தின்ற தட்டுகளை எல்லாம் அவளே எடுத்துப்போய்க் கழுவினாள். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. ட்ரூடியின் கணவன் ரஸ்ஸல் வந்து உட்கார்ந்தால் நாற்காலியிலேயே தூங்கிப்போனான். ஆட்டு ரோமம் கத்தரிக்கிற வேலை அவனுக்கு; வசந்தகாலத்தில் தோள்பட்டை இறங்கியதிலிருந்து கொட்டகைப் பக்கம் போகவில்லை. இதெல்லாம் நரெல்லின் கண்ணில் படாமல் இல்லை. அவற்றைக் கோத்துப் பார்க்க மனம் வரவில்லை. விடுமுறைக்கு வந்த இடத்தில் எதற்கு என்று விட்டுவிட்டாள்.

புது வருஷம் பிறந்த இரண்டாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலம் அவர்கள் அவசரமாகக் கிளம்பிப்போனபின், மேஜைமேல் லாக்கியின் இன்ஹேலர் கிடந்தது. மழைக்காற்று பட்டால் இழுக்கும் பிள்ளை. ட்ரூடிக்குப் போன் போட்டால் அணைந்திருந்தது. ரஸ்ஸலுடையதும் அப்படியே.

"நா போய்க் குடுத்துட்டு வந்துடறேன்" என்று நரெல் காரை எடுத்தாள்.

"வீடு தெரியுமா உனக்கு?"

"தெரு தெரியும். அவன் வண்டி வெளிய நிக்கும்ல."

தெரு முழுக்க இரண்டு முறை ஊர்ந்துபோய்ப் பார்த்தாள். வண்டி இல்லை. கடைசி வீட்டு வாசலில் நாயைத் துவட்டிக்கொண்டிருந்தவரைக் கேட்டதற்கு, அப்படி யாரும் இங்கே வந்து தங்கவில்லை என்றார். திரும்பி வரும்போது பாலத்தைத் தாண்டியதும், பழைய படகுத்துறைக்கு இறங்கும் மண்பாதையில், சதுப்புமரங்களுக்கு நடுவே ஒரு நீலத் தார்ப்பாய் தெரிந்தது. அந்தப் பாயில் போட்ட ஒட்டுகளில் பாதி அவளே போட்டது.

ரஸ்ஸலின் பிக்கப் வண்டியின் பின்புறத்திலிருந்து மரத்துக்குப் பாயை இழுத்துக் கட்டியிருந்தார்கள். கீழே சேறு. வண்டியின் பின்தட்டில் மெத்தை, அதன்மேல் பிள்ளைகள். கொசுவர்த்திப் புகையில் லாக்கி முழங்காலைக் கட்டிக்கொண்டு மூச்சை எண்ணி எண்ணி விட்டுக்கொண்டிருந்தான். நரெல் இன்ஹேலரை நீட்டினாள். ட்ரூடி பிடுங்காத குறையாக வாங்கி அவன் வாயில் வைத்தாள். மூச்சு சீரான பிறகுதான் இவள் பக்கம் திரும்பினாள்.

"பாத்துட்டல்ல."

"என்னடி இது? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா என்ன பண்ணுவ?"

"பண்றது என்ன, பணத்த நாங்க..."

"அதான் சொல்லல." ட்ரூடி பாயில் தேங்கிய தண்ணீரைக் குச்சியால் மேலே தள்ளிக் கொட்டினாள். "ஒரு வருஷம் நீ குடுப்ப. அடுத்த வருஷம் நீயே யோசிப்ப. அதுக்கடுத்த வருஷம் கேவின் யோசிப்பான். புள்ளைங்களுக்குக் கடல் வேணும்னாங்க, கூட்டிட்டு வந்தோம். ஒறங்கறதுக்கு எந்த எடமா இருந்தா என்ன?"

"உள்ள வந்து எங்க பந்தல்ல படுங்க. இந்தச் சகதில..."

"யாராவது பாத்து உன் எடம் போறதுக்கா? வேண்டாம்." குரல் கொஞ்சம் இறங்கியது. "கேவின்கிட்ட சொல்லாத. ரஸ்ஸல் செத்துருவான்."

நரெல் சொல்லவில்லை. ராத்திரி கேவின் கேட்டபோது, கொடுத்துவிட்டேன் என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை வானம் வெளுத்திருந்தது. நரெல் பல் தேய்த்துவிட்டு வரும்போது குளியலறை வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. டெகன் ஈரத் தலையோடு சுவரோரமாக நிற்க, எதிரே பார்க்கின் மேனேஜர் சிமோன். சமையல் வாயு உருளையை மாற்ற வந்த கேவினும் அங்கேதான் நின்றான்.

"எந்த எடத்துல தங்கியிருக்கம்மா?" என்று சிமோன் கேட்டாள். அதட்டலாக இல்லை. "இங்க தங்கறவங்களுக்குக் குடுக்கற பட்டை உன் கையில இல்லயே."

டெகன் கேவினைப் பார்த்தாள். சிமோனும் அந்தப் பார்வையைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். "உங்க கூட வந்த பொண்ணா?"

கேவின் உருளையைக் கை மாற்றிக்கொண்டான். "எங்க கூட வந்தவங்க இல்ல" என்றான். "பீச்சுல பாத்திருக்கேன். பக்கத்துல எங்கயோ தங்கியிருக்காங்க போல."

அவன் மடியில் உட்கார்ந்து மீன்முள் எடுக்கக் கற்றுக்கொண்ட பெண் அது. பேச வேண்டும் என்று நரெல்லுக்குத் தெரிந்தது, என்ன பேச வேண்டும் என்பதும் தெரிந்தது. அதற்குள் டெகனே பேசிவிட்டாள்.

"நா வெளியேர்ந்துதான் வந்தேன். யாரோ நம்பர அமுக்கறத பாத்து வச்சுக்கிட்டேன். இவங்கள எனக்குத் தெரியாது."

சிமோன் அவளை வாசல்வரை கூட்டிக்கொண்டு போனாள். பல்துலக்க வந்தவர்களும் தண்ணீர் பிடிக்க வந்தவர்களும் ஒதுங்கி வழிவிட்டார்கள். டெகன் செருப்பை மறந்து விட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தாள். திரும்பிப் பார்க்கவே இல்லை.

கேரவனுக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் நரெல் வெடித்தாள். "எப்படிடா வாய் வந்துச்சு உனக்கு? நம்ம டெகன்டா."

"நீயுந்தான் நின்ன. உன் வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

நரெல் கையிலிருந்த பிரஷ்ஷை மேஜைமேல் எறிந்தாள்.

"அவங்களுக்குத்தான் வீடு இருக்கே, ஓசி வீடு. ஒரு நாள் குளிக்காட்டா செத்தா போவாங்க? அதுக்காக நம்ம எடத்த விடணுமா?"

"வீடு இல்ல" என்றாள் நரெல். "பாலத்தத் தாண்டி, பழைய படகுத்துறையில வண்டிலயே படுத்துக் கெடக்கறாங்க. நேத்து என் கண்ணால பாத்தேன்."

கேவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"என் மீன்பிடிப் படக எதுக்கு வித்தேன்னு நெனச்ச?" என்றான். "முட்டி வலின்னு உங்கிட்ட சொன்னது பொய். இந்தப் பத்து நாள் செலவுக்குத்தான் வித்தேன். அடுத்த வருஷம் விக்க என்ன இருக்குன்னு ராத்திரி முழுக்க யோசிச்சிட்டுக் கெடந்தேன். அந்தம்மா கேட்டதும் வாயில அதான் வந்துச்சு."

அவனைத் திட்டவும் முடியவில்லை, தேற்றவும் முடியவில்லை. நரெல் எழுந்து நேரே ஆபீசுக்குப் போனாள்.

"அந்தப் பொண்ணு எங்களோட பொண்ணுதான்" என்று சிமோனிடம் சொன்னாள். "நம்பர் நாந்தான் குடுத்தேன். தினமும் வந்தாங்க. என்ன கட்டணுமோ கட்டிடறேன்."

சிமோன் பேனாவை வைத்துவிட்டு அவளை ஏறிட்டாள். "தெரியும். நாலு நாளா பாத்துட்டுத்தான் இருந்தேன். பக்கத்துக் கேரவன்காரங்க புகார் குடுத்துட்டாங்க, இல்லன்னா கண்டுக்காம விட்ருப்பேன்." கொஞ்சம் தயங்கினாள். "நீங்க இப்ப சொன்னத நான் எழுதினா உங்க எடம் போயிடும். எழுதலன்னா என் வேல போயிடும். நானும் அந்தப் பின்வரிசைல ஒரு பழைய கேரவன்லதான் குடியிருக்கேன், அம்மா."

"எழுதுங்க" என்றாள் நரெல்.

டெகனின் செருப்பை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்குப் போனபோது பாயை அவிழ்த்துச் சுருட்டியிருந்தார்கள். ரஸ்ஸல் ஒற்றைக் கையால் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். இவளைப் பார்த்துத் தலையை ஆட்டினான், அவ்வளவுதான். பிள்ளைகள் வண்டிக்குள் இருந்தார்கள். டெகன் கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

"ஆபீஸ்ல சொல்லிட்டேன் ட்ரூடி. எங்க ஆளுங்கதான்னு சொல்லிட்டேன்."

"இப்பவா?" ட்ரூடி செருப்பை வாங்கிக்கொண்டாள். "என் பொண்ணு ரெண்டு கிலோமீட்டர் வெறுங்கால்ல அழுதுக்கிட்டே வந்தா. அங்க நிக்கும்போது சொல்லியிருக்கணும். இப்ப நீ சொன்னது உன் மனசுக்கு."

"நா என்ன பண்ணணும், சொல்லு."

"ஒண்ணும் பண்ண வேண்டாம். நீ காசு கட்டியிருக்க. இருந்துட்டு வா."

வண்டி மண்பாதையில் ஏறிப்போனது. சேற்றில் நான்கு கூடார ஆணிகள் மட்டும் மிச்சம் இருந்தன. நரெல் அவற்றைப் பிடுங்கிக் காரில் போட்டாள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை.

மீதி நாட்களை இருந்து கழித்தார்கள். கட்டிய பணம் திரும்ப வராது. ஹோலிக்கு விஷயம் தெரிந்துபோய், அப்பனோடு பேச்சை நிறுத்திவிட்டாள். ஆங்கஸ் தனியாக அலையில் விழுந்து எழுந்தான். கடைசி நாள் காலையில் முன்பணம் கட்ட ஆபீசுக்கு வெளியே ஆட்கள் வரிசையாக நின்றார்கள். தெரிந்தவர் ஒருவர், "என்னப்பா, நிக்கலயா?" என்று கேட்டார். "இல்ல மச்சான், அடுத்த வருஷம் வேற பிளான்" என்று சொல்லிவிட்டுக் கேவின் கேரவனைக் காரோடு பூட்டினான்.

ஊருக்கு வந்ததும் அதை விற்க விளம்பரம் கொடுத்தான். அந்தத் தெருவிலேயே இன்னும் மூன்று வாசல்களில் விற்பனைப் பலகையோடு கேரவன்கள் நின்றன. ஒருவரும் வந்து விலை கேட்கவில்லை.

பள்ளி திறந்தது. நரெல்லுக்கு உயர்நிலைப் பள்ளிக் கேன்டீனில் வேலை. முதல் சில வாரங்கள் டெகன் ஜன்னல் பக்கமே வரவில்லை. சிநேகிதியை அனுப்பி வாங்கிக்கொண்டாள். பிறகு ஒரு நாள் தானே வந்து நின்றாள். வேண்டியதைச் சொன்னாள், சில்லறையை வைத்தாள், நன்றி சொன்னாள். வெளி ஆளிடம் பேசுகிற மரியாதை அது. நரெல் உள்ளே போய், ஃப்ரீசரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

கேவின் அவர்கள் வீட்டுக்குப் போனது மார்ச்சில். என்ன பேசினான் என்று வீட்டில் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது முகம் கழுவின மாதிரி இருந்தது. டெகன் வெளியே வரவில்லை என்று மட்டும் சொன்னான்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் நரெல் துணிந்து போன் போட்டாள். "பிளவரிங் அணைக்கரைக்குப் போறோம். அங்க தங்கறதுக்குக் காசு கெடையாது. நீங்களும் வர்றீங்களா?"

"புள்ளைங்களக் கேக்கறேன்" என்றாள் ட்ரூடி. இரண்டு நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். "வர்றோம். ஆனா எங்க அடுப்பு எங்களுக்கு, உங்க அடுப்பு உங்களுக்கு. ஒத்துக்கிட்டா வர்றோம்."

ஒத்துக்கொண்டாள். அணைக்கரையில் கால் வைக்க இடமில்லை. கடலுக்குப் போக முடியாத ஊரெல்லாம் அங்கே வந்து இறங்கியிருந்தது. எப்படியோ ஒண்டிக்கொள்ள இடம் பிடித்தார்கள். முதல் நாள் சாயங்காலம் இரண்டு அடுப்பு எரிந்தது. லாக்கிக்கு மட்டும் எந்த ஒப்பந்தமும் இல்லை. இரண்டு பக்கமும் தின்றான். ஹோலியும் டெகனும் தண்ணீரோரம் போய் உட்கார்ந்தார்கள்.

கேவின் வீட்டிலிருந்து கொண்டுவந்த விறகைப் பிளந்து, பாதியை அள்ளிப்போய் ரஸ்ஸலின் அடுப்புக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு வந்தான். ட்ரூடி அதை அன்று தொடவில்லை. சாம்பல் பூத்து அணையும்வரை தங்களுடைய சுள்ளியையே போட்டாள்.

காலையில் தூறல். கேரவன் ஜன்னல் வழியாக நரெல் பார்த்தபோது, ட்ரூடி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குனிந்திருந்தாள். சுள்ளி நனைந்துபோய்ப் பற்றவில்லை. சுற்றுமுற்றும் ஒரு முறை பார்த்துவிட்டு, கேவின் போட்ட குவியலின் அடியிலிருந்து காய்ந்த கட்டை இரண்டை உருவினாள். வெளியே போக எழுந்த நரெல் கதவுப் பிடியில் கை வைத்தவள், அப்படியே கையை எடுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.