இடது கால் வீரன்

இடது காலுக்கு வேலை கொடுக்காத இனம் இரண்டு தலைமுறையில் அழிந்துபோகும். தென்காசியில் மரக்கடை வைத்திருக்கும் மகாராஜா இதைச் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்தில், மைக்கைப் பிடித்து, பந்திக்கு முன்னால் அறிவித்தான். யாரும் மறுக்கவில்லை. எல்லோருக்கும் பசி.

அடி விழுந்தது அவன் மனைவியின் அண்ணன் பேச்சிமுத்துவுக்கு. அவர் அப்போதுதான், இடது காலால் மிதிக்கும் கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் கார் வாங்கியிருந்தார். அன்றிலிருந்து அவரை எங்கே பார்த்தாலும் மகாராஜா கேட்பது ஒன்றே:

"மச்சான், காரு ஓட்டுதீரா, லிஃப்ட்ல போறீரா?"

இப்போது அவனே ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறான். கம்பெனி கொடுத்தது இரண்டு வழி. சின்ன எஞ்சின், ஆட்டோமேட்டிக், காற்று வீசும் மெத்தை சீட். இல்லையென்றால் பெரிய எஞ்சின், கையால் போடும் கியர், பந்தயக்காரர் உட்காரும் கட்டை சீட். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பெரியதை ஓட்டிப் பார்க்க மதுரையிலிருந்து ஜன்னத் என்ற விற்பனைப் பெண் காரோடு வந்தாள். சாட்சிக்குப் பேச்சிமுத்துவைப் பின் சீட்டில் மடித்து வைத்தார்கள். முழங்கால் அவர் தாடையைத் தாங்கியது.

எல்லாம் சரி. ஆனால் அது சீசன் ஞாயிற்றுக்கிழமை. சாரல் விழுந்தால் குற்றாலம் சாலை என்ன ஆகும் என்று உள்ளூர்க்காரனுக்குத் தெரியாதா? தெரியும். கார் ஆசை அதை மறைத்துவிட்டது.

மேலகரத்தில் வண்டிகள் நின்றன. நகர்ந்தன. நின்றன. ஒவ்வொரு முழத்துக்கும் கிளட்ச்சை மிதிக்க வேண்டும். அதுவோ கடன்காரனைப் போல எதிர்த்து நின்றது. ரம்புட்டான் தள்ளுவண்டி ஒன்று முந்திப் போனது. பிறகு, தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு அருவிக்கு நடந்த ஒரு குடும்பமே முந்தியது. ஐந்தருவி ஏற்றத்தில் கால் தானாகவே ஆட ஆரம்பித்தது. கார் ஆஃப் ஆகிப் பின்னால் உருண்டது. பின்னால் நின்ற வேன்காரர் ஹாரனை விட்டுவிட்டு நேரடியாகவே பேசினார்.

"மாப்ளே, வண்டி உறுமுதா, உங்க காலு உறுமுதா?" என்றார் பேச்சிமுத்து.

மகாராஜா எஞ்சினை மறுபடி கிளப்பி, கிளட்ச்சை மிதித்தான். தோற்றோம் என்று ஒரு வார்த்தை வெளியே வந்தால் இனி ஒவ்வொரு காதுகுத்திலும் மைக் மச்சான் கையில்தான்.

அருவிக்கரையில் இறங்கியபோது இடது கால் நீட்ட மறுத்தது. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, எண்ணெய் மசாஜ் செய்பவரிடம் கொண்டுபோய்ப் போட்டார்கள். அவர் கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்து அனுதாபத்தோடு கேட்டார்:

"எங்கன இருந்து அண்ணாச்சி நடந்து வாறீய?"

பேச்சிமுத்து சிரிப்பை அடக்க முடியாமல் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

அவர் தலை கூட்டத்தில் மறையும் வரை மகாராஜா காத்திருந்தான். பிறகு நொண்டி நொண்டி, பஜ்ஜிக்கடை ஓரம் நின்ற ஜன்னத்திடம் போனான். அவள் டேப்லெட்டை நீட்டி, பெரிய எஞ்சின்தானே சார் என்றாள்.

"காருக்குப் பின்னால, எந்த எஞ்சின்னு காட்டுத மாடல் பேரு ஒட்டாம தர முடியுமாம்மா?"

முடியும் என்றாள்.

மகாராஜா அருவிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பின் எண்ணெய் விரலால் சின்ன எஞ்சினைத் தொட்டான். அதற்குக் கீழே ஆட்டோமேட்டிக்கை, மெத்தை சீட்டை.