சூடில்லாத விளக்கு

...இல்லை, கரண்ட் பில்லை மட்டும் வைத்துப் பார்த்தால் இது கட்டுப்படியாகாது, என் நண்பன் ஸ்ரேதென் சொல்வதில் பொய் கிடையாது, பழைய விளக்கு இரண்டும் இன்னும் ஐந்தாறு வருஷம் தாராளமாக எரிந்திருக்கும், வருஷத்துக்கு ஒரு தடவை பல்பை மாற்றினால் போதும், அதை விட்டுவிட்டுப் பல் கட்ட வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டுபோய் இந்த அலுமினியப் பலகையில் கொட்டிவிட்டு இப்போது இடது பக்கமாகவே மென்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்... பலகைதான், வேறென்ன சொல்ல, அடியில் பொட்டுப் பொட்டாக எல்.இ.டி., நீலமும் வெள்ளையும், கைபேசியில் விரலை மேலே நகர்த்தினால் வெளிச்சம் ஏறும், கீழே நகர்த்தினால் இறங்கும், கையை வைத்துப் பார்த்தால் சூடே கிடையாது. நிஷ் நகரத்தில் இந்த மத்தியானத்தில் சூடில்லாத பொருள் என்று ஒன்று உண்டென்றால் அது என் விளக்குதான், வெளியே தார் உருகுகிறது, நாலாவது மாடியில் ஜன்னல் மறைப்புகளையெல்லாம் இறக்கிவிட்டு, முண்டா பனியனோடு, பவளம் வளர்க்கிற கடல்நீர்த் தொட்டிக்கு முன்னால் காபியோடு உட்கார்ந்திருக்கிறேன், பவளங்கள் அந்த நீலத்தில் பச்சையாகவும் ஊதாவாகவும் தகதகவென்று நிற்கின்றன, அழகுதான், அழகில்லை என்று எந்தப் பாவி சொன்னான், கல்யாண வீட்டுக்கு வந்த அத்தைகள் மாதிரி ஒன்றையொன்று மிஞ்சிக்கொண்டு நிற்கின்றன. ஆனால் அழகுக்காகவா வாங்கினேன்? பில்லுக்காகவா? யார் கேட்டாலும் பில் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

சூட்டுக்காகத்தான் வாங்கினேன், அதை யாரிடமும் சொல்லவில்லை. பழைய மெட்டல் ஹாலைட் விளக்குகள் குளிர்காலத்தில் தங்கம், இந்த அறைக்குத் தனியாக அடுப்பே வேண்டாம், என் பெண்டாட்டி லியுபா நாற்காலியை இழுத்துப்போட்டு அதன் பக்கத்தில்தான் பின்னுவாள், ஆனால் ஜூன் பிறந்துவிட்டால் அவையே யமன், தண்ணீர் சூடேறிப் பவளங்கள் சுருங்க ஆரம்பிக்கும், நான் பிளாஸ்டிக் பாட்டில்களில் ஐஸ் உறையவைத்து ஒன்று கரைய ஒன்று போட்டுக்கொண்டே இருப்பேன், ஐஸ் பெட்டியில் கோழி வைக்க இடம் இருக்காது, தண்ணீர் மேல் படுகிற மாதிரி மின்விசிறி வைப்பேன், எதிர் எதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுவேன், உடனே லியுபா கழுத்தைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவாள், குறுக்குக் காற்று, மோமா, குறுக்குக் காற்று, நீ என்னைக் கொல்லப் பார்க்கறே... மருந்துக் கடையில் முப்பது வருஷமாக வேலை பார்க்கிறவள், எந்த மாத்திரை எதற்கு என்று டாக்டருக்கே சொல்லித் தருவாள், ஆனால் இரண்டு ஜன்னலுக்கு நடுவில் ஓடுகிற காற்று பட்டால் காது போகும், சிறுநீரகம் போகும், வாய் கோணும் என்று அவள் அம்மா சொன்னதை இன்றுவரை அசைக்க முடியவில்லை. அவள் ஒரு ஜன்னலைச் சாத்துவாள், நான் திறப்பேன், அவள் சாத்துவாள். அப்புறம் ஜூலை வரும், அவளுக்கு லீவு வரும், சிவப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு கடற்கரை ஊரான சுதோமோரேயில் இருக்கிற தன் அக்கா ராத்மிலா வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள், மூன்று வாரம், நான் ஐஸ் பாட்டில்களோடு தனியாக, தக்காளியை உப்பில் தொட்டுத் தின்றுகொண்டு... ஏழெட்டுக் கோடை இப்படி. வீட்டில் ஒரு ஆள் இல்லையென்றால் சுவர்க் கடிகாரம்கூடத் தொண்டையைச் செருமுகிறது. ஒவ்வொரு வருஷமும் அவள் பஸ் ஏறியதும் இந்த விளக்கைத்தான் திட்டுவேன், என் பெண்டாட்டியைத் துரத்துகிற விளக்கே, உன்னை ஒரு நாள் கழற்றுகிறேனா இல்லையா பார் என்று. கழற்றிவிட்டேன். இரண்டு வாரம் ஆகிறது. வீடு குளுகுளுவென்று இல்லாவிட்டாலும் மனுஷன் இருக்கிற மாதிரி இருக்கிறது, மின்விசிறி வேண்டாம், ஜன்னல் சண்டை வேண்டாம். பல்தானே, பல் போனால் என்ன.

உள் அறையில் அலமாரிக் கதவு திறக்கிறது, மூடுகிறது, லியுபா ஏதோ ஒழுங்குபடுத்துகிறாள், பாட்டுக்கூட முணுமுணுக்கிறாள்... சந்தோஷமாக இருக்கிறாள், விளக்கு மாட்டிய நாளிலிருந்தே அப்படித்தான், நான் அளவாகச் சிரித்துக்கொண்டு தெரியாத மாதிரி இருக்கிறேன். பல்லைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாளா, இல்லை, ஆனால் அன்றிலிருந்து வீட்டில் கடிக்கிற பண்டம் கிடையாது, சூப்பு, பாலாடைக்கட்டி வைத்த கிபானிட்சா, குழைய வேகவைத்த பீன்ஸ், ரொட்டியின் மொறுமொறுப்பான ஓரத்தை அவளே தின்றுவிட்டு உள்ளிருக்கும் மெத்தென்ற பகுதியை என் தட்டில் வைக்கிறாள். இவளை எப்படி மூன்று வாரம் அனுப்புவது? ஓட்டுநர் பள்ளியில் இருபத்தெட்டு வருஷம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அடுத்தவன் எப்போது தப்பாகத் திருப்புவான் என்று முன்கூட்டியே மோப்பம் பிடித்து பிரேக்கை மிதித்தவன் நான், எனக்குத் தெரியாதா, இந்த வருஷம் இவள் போகமாட்டாள். காலையில் ஸ்ரேதென் போன் பண்ணினான், அவன் வீட்டுத் தொட்டியில் இன்னும் பழைய ஹாலைட்தான், அதை விடமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறான். “என்ன மோமா, டிஸ்கோ ஓடுதா, ஆட ஆள் வேணுமா?” என்றான். “ஓடுது ஓடுது, நீ உன் அடுப்புல முட்டை பொரிச்சாச்சா?” என்றேன். “பொரிச்சேன், பொரிச்சேன். உன் விளக்குல கொசு கூட சாகாது. அதுல நின்னா ஆளு பொணம் மாதிரி நீலமா இருக்கான், பவளம் எப்படி வளரும்?” என்றான். “வளருதா இல்லையான்னு நேர்ல வந்து பாரு.” “வருவேன் வருவேன், சாவி இருக்கில்ல,” என்று சொல்லிவிட்டுத் தானாகவே சிரித்தான். என்ன சாவி? கேட்பதற்குள் வைத்துவிட்டான். அவனுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது, அந்த விளக்கடியில் உட்கார்ந்தால் யாருக்குத்தான் ஏறாது. நல்லவன், பவளம் வளர்க்கிற எங்கள் ஆட்கள் எல்லோருமே அப்படித்தான், தன் பவளத்தில் ஒரு கிளையை ஒடித்து அடுத்தவன் தொட்டிக்குக் கொடுத்துவிடுவோம், நம்முடையது செத்தாலும் அவனிடம் உயிரோடு இருக்குமே என்று, இந்த நடு மேட்டில் நிற்கிற கொம்புப் பவளமே அவன் வீட்டுப் பெண்தான், என் வீட்டிலிருந்து போன இரண்டு பேர் அவன் தொட்டியில் இருக்கிறார்கள், சம்பந்திகள் நாங்கள்.

“மோமா, உன் நீல நிக்கர் எங்க?” என்று உள்ளிருந்து குரல். எந்த நீல நிக்கர், எனக்கு எதற்கு நிக்கர்... பழைய துணியைக் கழிக்கிறாள் போலிருக்கிறது. “தூக்கிப் போடு,” என்றேன். அப்புறம் தரையில் சக்கரம் உருளுகிற சத்தம், அந்தச் சத்தத்தைத் தூக்கத்திலும் அடையாளம் சொல்வேன், ஒரு சக்கரம் மட்டும் கீச்சிடும், சிவப்புப் பெட்டி. அதைக் கூடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு நிற்கிறாள். எங்கே என்று கேட்டேன், குரல் எனக்கே பிடிக்கவில்லை, பிரேக் வேலை செய்யாத வண்டியில் உட்கார்ந்தவன் குரல். “எங்கயா? ஜூலை பொறந்தாச்சு, வேற எங்க, ராத்மிலா வீட்டுக்குத்தான்,” என்றாள். “இப்பதான் சூடே இல்லையே, லியுபா.” “ஆமா, இல்ல,” என்றாள், அதைவிட நல்ல செய்தி உலகத்தில் இல்லாத மாதிரி. அப்போ... விளக்கு இல்லையா காரணம்? ஏழெட்டு வருஷம் நான் திட்டியது யாரை? சூடு இருந்தாலும் போவாள், இல்லாவிட்டாலும் போவாள், அப்படியென்றால் அவள் எதைவிட்டுப் போகிறாள், மிச்சம் இந்த வீட்டில் நான்தானே இருக்கிறேன்... பல் இல்லாத இடத்தில் நாக்கு போய் உட்கார்ந்துகொண்டது. “சூடு தாங்காமதானே நீ வருஷா வருஷம் போனே?” என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “சூட்டுக்காகவா? சுதோமோரேல என்ன பனியா பெய்யுது? அக்கா இருக்கா, கடல் இருக்கு, லீவு இருக்கு, போனேன். உன்னையும்தான் வருஷா வருஷம் கூப்பிட்டேன். தண்ணி கொதிச்சிடும், ஐஸ் போடணும், நான் இல்லாட்டி எல்லாம் செத்துடும்னு நீதானே அசையாம நின்னே. பவளமா பொண்டாட்டியான்னு கேட்டு எதுக்கு வம்புன்னு வாய மூடிக்கிட்டுப் போனேன்.”

பெட்டியைத் திறந்தாள். மேலேயே என் செருப்பு, என் சவர சாமான், நான் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் போடுகிற வெள்ளைச் சட்டை, எல்லாம் அவள் துணிகளுக்கு இடையில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கின்றன. “நீ பல்லைக்கூடக் கட்டாம இந்த விளக்க வாங்கினப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு,” என்றாள், குரல் இறங்கிவிட்டது, “என்கூட வர்றதுக்காக வாங்கியிருக்கே. வாயத் தொறந்து சொல்லமாட்டே, உன்னைத் தெரியாதா எனக்கு. அக்காகிட்ட சொன்னேன், அவ அழுதுட்டா. அவ புருஷன் வூகோ உனக்குன்னு தனியா நாற்காலி வாங்கி அத்தி மரத்தடியில போட்டு வச்சிருக்கானாம். ஸ்ரேதென்கிட்ட சாவி குடுத்தாச்சு, தெனம் வந்து பாத்துக்கறேன்னு சொல்லிட்டான்.” உன்னைப் போகவிடாமல் இருக்க வாங்கினேன் என்று சொல்வதா, இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு? இவள் கல்யாணத்தன்றுகூட இப்படிச் சின்னப் பெண் மாதிரி நிற்கவில்லையே... அங்கே போய் என்ன செய்வேன், சகலை வூகோ மரத்தடியில் உட்கார்ந்து காலையிலிருந்து ராத்திரிவரை ஒரே காபியைக் குடிப்பான், ராத்மிலா வாடகைக்கு வந்தவர்களுக்குச் சாவி கொடுப்பாள், அக்காளும் தங்கையும் பேசிப் பேசிச் சிரிப்பார்கள், நான் மணலில் செருப்பைக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், எனக்கு நீச்சல்கூட வராது, அவ்வளவு பெரிய கடலுக்கு நான் எதற்கு, அது என்னைக் கேட்டா அலையடிக்கிறது? இங்கே என்றால் நான் ஒரு வேளை மறந்தால் ஒரு சமுத்திரமே நின்றுபோகும், நானூறு லிட்டர்தான், ஆனாலும் சமுத்திரம். அப்படியென்றால் இத்தனை வருஷம் ஐஸ் போட்டது தண்ணீருக்கா, எனக்கா... அவள் என்னை விட்டுப் போனாள் என்று நான் கணக்கு வைத்திருந்தேன், நான் வரவில்லை என்று அவள் வைத்திருந்திருக்கிறாள், ஒரே வீட்டில்.

எழுந்து தொட்டிப் பக்கம் போனேன், அவளைப் பார்க்காமல் இருக்க எங்கேயாவது போகவேண்டுமே, போய்க் கண்ணாடியோடு கண்ணை வைத்தபோதுதான் பார்த்தேன், நடு மேட்டில் நிற்கிற கொம்புப் பவளம், ஸ்ரேதென் கொடுத்தது, மேல் கிளைகள் முனையிலிருந்து வெளுத்திருக்கின்றன, கிளையின் மேல் பாதி எலும்பு நிறம். சூடு இல்லை, உப்பு சரி, வேறொன்றுமில்லை, வெளிச்சம் அதிகம். நீல வெளிச்சம் நம் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும், பவளத்துக்கு அது உச்சி வெயில், புதிதாக எல்.இ.டி. வாங்குகிறவன் ஒவ்வொருவனும் பண்ணுகிற தப்பு இது, குறைவாக ஆரம்பி, வாரக் கணக்கில் மெல்ல ஏற்று, கண்ணை நம்பாதே என்று எத்தனை பேருக்கு நான் சொல்லியிருக்கிறேன், முப்பது சதவீதத்தில் வைத்திருந்ததை இரண்டாவது நாளே எழுபதுக்கு ஏற்றியது யார்? நான்தான். தெரிந்தே எதற்கு ஏற்றினேன்? மங்கலாகத் தெரிந்தது, அதனால்தான்... அதனால் மட்டும்தானா? என்ன செய்யவேண்டும் என்பதும் தெரியும், வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு, தொடாமல், நகர்த்தாமல் அதன் போக்கில் விடவேண்டும், அவ்வளவுதான் வைத்தியம், அதைச் சுதோமோரே மணலில் உட்கார்ந்து கைபேசியிலேயே செய்யலாம். ஆனால் லியுபாவுக்கு அது தெரியாது. வெளுக்குது பார், நான் பக்கத்திலேயே இருக்கணும், நீ மட்டும் போய்ட்டு வா என்று சொன்னால் நம்புவாள், செருப்பையும் சட்டையையும் எடுத்து மறுபடி அலமாரியில் வைத்துவிட்டு, எனக்குக் குழையக் குழைய எதையாவது சமைத்து வைத்துவிட்டுப் போவாள், சண்டை போடமாட்டாள். “என்ன மோமா, அதெல்லாம் நல்லாத்தானே இருக்கு?” என்று பின்னாலிருந்து கேட்டாள், கையில் நீல நிக்கர், கிடைத்துவிட்டது போலிருக்கிறது. நான் திரும்பவில்லை, திரும்ப முடியவில்லை, அந்த வெளுப்பைப் பார்த்த நொடியில் என் முகத்தில் வந்தது கவலை இல்லை, நிம்மதி, தொட்டிக் கண்ணாடியில் அது எனக்கே தெரிந்தது.