பதின்மூன்று டிகிரியில் துருவன்

அரவிந்தவல்லிக்குக் கல்யாணம் நடந்தது பட்டப்பகலில். சடங்கு நடத்திய ராமபத்ரன் மாமா அவளை மண்டப வாசலுக்கு அழைத்துப் போய், வெயில் கொளுத்தும் வானத்தில் தலைக்கு மேலே விரலை நீட்டி, "அதோ துருவன். தெரியறதா?" என்றார். கண் கூசிக்கொண்டே "தெரியறது" என்றாள். எல்லாக் கல்யாணப் பெண்களும் அதைத்தான் சொல்கிறார்கள். பதினான்கு வருஷம் கழித்தும் அந்தப் பொய் அவளுக்குத் தொண்டையில் முள்ளாக உறுத்தியது.

இப்போது 1978, மார்ச் மாதம். திருவள்ளூர்ப் பெண்கள் பள்ளியில் அவள் சயின்ஸ் டீச்சர். கும்மிடிப்பூண்டி ஆலை ஒன்றில் வேலை பார்த்த ஜப்பான் என்ஜினியர், ஊர் திரும்பும்போது தன் டெலஸ்கோப்பை அவள் பள்ளிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பெட்டியைப் பிரிப்பதற்குள் ஆண்கள் பள்ளியிலிருந்து மனு போய்விட்டது. பெண்பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று கேட்டிருந்தார் அங்கே பௌதிகம் நடத்துகிறவர். வேறு யார், ராமபத்ரன் மாமாதான். பகலில் பௌதிகம், முகூர்த்த நாளில் லீவு.

தீர்ப்புச் சொல்லக் கல்வி அதிகாரி ராஜமாணிக்கம் சாயங்காலம் ஏழு மணிக்குப் பள்ளி மைதானத்துக்கு வந்தார். டெலஸ்கோப்பின் தாங்கியில் சாய்ந்த அச்சு ஒன்று உண்டு. அது வானத்தின் வடதுருவத்தைச் சரியாகப் பார்த்து நின்றால், ஒரே ஒரு திருகைத் திருப்பிக்கொண்டே ஒரு கிரகத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கலாம். சனியைப் பத்து நிமிஷம் பிடித்து வைக்கிற பள்ளிக்கு டெலஸ்கோப். அவ்வளவுதான் பந்தயம்.

முதல் வாய்ப்பு மாமாவுக்கு. அச்சு முப்பத்தைந்து டிகிரியில் நிமிர்ந்திருந்தது, ஜப்பான்காரர் தம் ஊர் கணக்குக்கு வைத்தபடியே. "கம்பெனிக்காரன் வச்சதை நாம தொடப்படாது" என்றார். அச்சுக்குள் துருவனைப் பார்ப்பதற்கென்றே ஒரு சின்னக் குழல், போலார் ஸ்கோப், இருந்தது. அதில் கண்ணை வைத்த மறுவிநாடியே, "ஆஹா, தெரியறது" என்றார்.

அதிகாரியும் குனிந்து பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"கண்ணு பழகணும் சார். நான் இருநூறு ஜோடிக்குக் காட்டினவன்."

பிடித்தால் விடாது என்று பேர் வாங்கிய சனி, நாலாவது நிமிஷமே விளிம்பில் வழுக்கி வெளியே போனது. மிஷினில் கோளாறு என்றார் மாமா.

அரவிந்தவல்லி அச்சைத் தாழ்த்தினாள். தாழ்த்தத் தாழ்த்த மாமாவுக்குச் சிரிப்பு வந்தது. "துருவபதம்னா எல்லாத்துக்கும் உசந்ததுடி. நீ வேலிக்கு மேல தேடறியே."

"இது பதிமூணு டிகிரியில இருக்கற ஊர் மாமா. துருவனும் இங்க பதிமூணு டிகிரி உயரத்துலதான் நிப்பான். அட்லஸ்ல இருக்கு."

குழலின் முன்பக்கம் கை பட்டபோது அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூடி கழற்றப்படவே இல்லை. இவ்வளவு நேரம் மாமா பார்த்தது கறுப்பு பிளாஸ்டிக்கை. காட்டியிருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். ஆனால் அவர் தோற்றதால் மட்டுமே தான் ஜெயித்ததாக இருக்கக் கூடாது என்று நினைத்தாள். மூடியை இடுப்பில் செருகிக்கொண்டு குழலில் கண்ணை வைத்தாள்.

வடக்கே ஒரே புகைமங்கல். "சூளையில நெருப்பு வச்சிக்கினு கீறான் டீச்சர்" என்றாள் விளக்குப் பிடித்திருந்த ஆயா செங்கம்மாள்.

ராஜமாணிக்கம் கடிகாரத்தைப் பார்த்தார். "ஏழே முக்காலுக்கு எனக்கு ரயில் இருக்கும்மா. அவர் சொன்ன மாதிரி நீயும் தெரியுதுன்னு சொல்லிடு. ரெண்டு பேரும் சமம்னு எழுதிக்கினு சீட்டுக் குலுக்கிப் போட்டுடலாம்."

நல்ல பெண்ணாகத் தலையாட்டினால் பாதி அதிர்ஷ்டமாவது கைக்கு வரும். பதினான்கு வருஷத்துக்கு முன் அப்படித்தான் ஆட்டினாள். அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

"தெரியலை சார். தெரியாததைத் தெரியறதுன்னு சொல்ல மாட்டேன். ரயில் போனா அடுத்த ரயில்ல போங்கோ."

"யாரண்ட பேசறன்னு தெரியுதா?"

"அது நன்னாத் தெரியறது."

செங்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதிகாரி வெடுக்கென்று நாற்காலியில் உட்கார்ந்தார். ஏழே முக்கால் ரயில் ஊதிக்கொண்டே போயிற்று. அதற்குப் பிறகுதான் கடல்காற்று திரும்பிப் புகை கிழக்கிலிருந்து கலைந்தது. வேலிக்கு மேலே, கருவேல மரத்தை ஒட்டி, சோகையாக ஒரு நட்சத்திரம். இதற்காகவா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்கிற மாதிரி இருந்தது. அவளுக்கோ அழுகை முட்டியது. அந்நேரத்தில் துருவன் வடதுருவத்துக்குக் கொஞ்சம் இடது மேலே தள்ளி நிற்பான், குழலில் எல்லாம் தலைகீழாகத் தெரியும் என்று கணக்குப் பண்ணி, கண்ணாடியில் கீறியிருந்த வட்டத்தின் வலது கீழ்ப்பக்கத்தில் அதை உட்கார வைத்தாள்.

திருகை அதிகாரியே திருப்பினார். பத்து நிமிஷம் ஆனது, பதினைந்தும் ஆனது. வளையத்தோடு நடுவிலேயே நின்றது சனி. "நல்லாப் புடிச்சிட்ட" என்றார் கண்ணை எடுக்காமல். "இங்கியே இருக்கட்டும்மா. இன்னிக்கே எழுதிடறேன்."

ராமபத்ரன் மாமா தொண்டையைக் கனைத்தார். "நானும் இதே துருவனைத்தான் சார் பார்த்தேன். அச்சுதான் கொஞ்சம் ஒத்துழைக்கலை."

அரவிந்தவல்லி இடுப்பிலிருந்து மூடியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். செங்கம்மாளிடமிருந்து விளக்கை வாங்கி அதன்மேல் தாழ்த்திப் பிடித்தாள்.

"இதைத்தான் மாமா பார்த்தேள். இப்போ தெரியறதா?"