கபூர் சாச்சா வைத்த இரண்டு ரொட்டி

விடிந்ததும் ரொட்டிக் கடைக்கு ஓடுவது மஸ்ரத்தின் வேலை. பதினைந்து வயது, வீட்டில் இளையவள், வேறு யார் போவார்கள்? எந்த வீட்டுக்கு எத்தனை ரொட்டி என்பது கடைக்காரர் கபூர் சாச்சாவுக்கு மனப்பாடம். இவள் தலை தெரிந்ததும் எட்டை எடுத்துத் துணியில் வைப்பார். கூடக் கேட்டால், "வீட்ல விருந்தாளியா?" என்பார். கடையில் நிற்கிற அத்தனை பேரும் பதிலுக்குக் காதைத் தீட்டுவார்கள்.

அதனால்தான் ரயீஸ் அண்ணன் வந்ததிலிருந்து அவள் எட்டுக்கு மேல் கேட்கவில்லை. தன் பங்கை மாடிக்கு அனுப்பிவிட்டு உப்புத் தேநீரோடு நிறுத்திக்கொண்டாள்.

ரயீஸ் எல்லைக் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் துப்பாக்கி பழகப் போனவன். ஒருநாள் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் பனிமலை ஏறித் திரும்பிவிட்டான். வலது கால் விரல்கள் பனியில் கறுத்துப் போயிருந்தன. ராணுவத்துக்குத் தெரிந்தாலும் உயிர் போகும், கூட இருந்தவர்களுக்குத் தெரிந்தாலும் போகும். மாடியில் வைக்கோலுக்குப் பின்னால் கிடந்தான்.

இன்று காலை கடையில் பக்கத்து வீட்டு ஹமீதா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னடி, இப்படி எலும்பும் தோலுமா ஆயிட்ட? ரம்ஜானுக்கு முன்னாடியே நோன்பு புடிக்கிறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். கபூர் சாச்சா சிரிக்கவில்லை. துணியில் எட்டு வைத்தார். இன்னும் இரண்டு வைத்தார்.

"எட்டுதான் சாச்சா."

"கொண்டு போ. பசிக்கிறவங்க இருப்பாங்க."

"எங்க வீட்ல யாரும் இல்ல!"

"யாரு இருக்காங்கன்னு நான் கேட்டேனா?"

ரொட்டியை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். போன மாதம் ராணுவம் பிடித்துப் போன பையன்களில் இவர் மகன் மட்டும் எப்படி உடனே வெளியே வந்தான்? ராணுவ முகாம் வாசலில் இவரைப் பார்த்தவர்கள் உண்டு; அங்கே இவருக்கு என்ன வேலை? ரொட்டி போடத்தான் போனாராம்.

சாச்சாவுக்குத் தெரிந்துவிட்டது, காட்டிக்கொடுத்துவிடுவார் என்று வீட்டில் மூச்சிரைக்கச் சொன்னாள். அம்மா நம்பவில்லை.

"அந்த மனுஷன் அப்படிப்பட்டவர் இல்லடி. இந்தப் பனியில புள்ளையை எங்க அனுப்பறது?"

"இந்தக் காலத்துல யாரை நம்பறது?" என்றார் அப்பா. "ராத்திரிக்குள்ள வீட்டைச் சுத்தி வளைச்சுட்டா?"

ரயீஸ் ஏற்கெனவே காலில் துணி சுற்றிக்கொண்டிருந்தான். அப்பாவின் அங்கியை மாட்டி, உள்ளே தணல் சட்டியை அணைத்துக்கொண்டான். அந்த இரண்டு ரொட்டியையும் எடுத்தான்.

"அதைத் தொடாதேண்ணா!"

"பொறி வெச்சவன் தீனியும் வெச்சிருக்கான். விட்டுட்டுப் போகச் சொல்றியா?" என்று அவள் தலையில் தட்டினான்.

ஆப்பிள் தோட்டத்து வழியாக நொண்டிக்கொண்டே போனான். கொஞ்ச நேரத்தில் அவன் காலடித் தடத்தையும் பனி மூடிவிட்டது.

சாயங்காலம் யாரும் வரவில்லை. இருட்டிய பிறகும் வரவில்லை. நடுராத்திரி தாண்டியும் ஜீப் சத்தமோ பூட்ஸ் சத்தமோ இல்லை. தெருநாய்கூடக் குரைக்கவில்லை. ரஜாய்ப் போர்வைக்குள் அக்கா ஷகுஃப்தாவை ஒட்டிப் படுத்திருந்த மஸ்ரத் அவள் தோளைத் தொட்டாள்.

"அக்கா... யாருமே வரலக்கா."

"நல்லதுதானே. தூங்கு."

"வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்னு தோணுதுக்கா. வரலைன்னா... அவரு சும்மா பசிக்குத்தான் குடுத்தாரா? நான்தான் அண்ணனை வெளிய தள்ளினேனா? அந்தக் காலோட..."

இருட்டில் அக்கா புரண்டு படுப்பது தெரிந்தது. பிறகு வந்த குரலில் தூக்கம் இல்லை.

"மஸ்ரத், உண்மையைச் சொல்லு. அவருக்கு எப்படித் தெரிஞ்சுது? கடையில நீ ஏதாவது உளறினியா?"